தலை தட்டி அளந்த காற்று

1944 ஜூன் 11, ஞாயிறு

இன்று லீவு. மத்தியானச் சாப்பாடு வழக்கம்போல் பத்மாசனி வீட்டில். அக்காவின் மகள்தான், ஆனால் நாக்கு அக்காவுடையதை விட ஒரு முழம் நீளம். கூப்பன் அரிசிச் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்கிறாள்: "மாமா, உண்மையைச் சொல்லுங்கோ. சீனன்குடாப் பிளேன் தளத்தில உங்களுக்கு என்ன வேலை? கூட்டுறதோ?"

கூட்டுகிறதாம்! சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டேன். பிறகு மீன் பொரியல் வந்ததால் திரும்ப வைத்தேன்.

"இந்த இலங்கையில பிளேன் எஞ்சினுக்குக் காத்து அளக்கிற ஆள் ஒருத்தன்தான் இருக்கிறான். அவன் உன்ர குசினியில இருந்து சாப்பிடுறான்" என்றேன்.

"காத்தை எதால அளக்கிறது? அரிசி அளக்கிற கொத்தாலயோ?"

சிரிக்கட்டும். அடுத்த கதையில் வாயை மூடினாள்: நாங்கள் கட்டுகிற பிளேன் முதன்முதல் பறக்கிற அன்று பின் இருக்கையில் நான். தளத்துப் பெல்லமி துரை வாக்குக் கொடுத்தாயிற்று. எங்கள் ஊர் சல்லிக்கு மேலே வந்து, அம்மன் கோயிலைச் சுற்றித் திரும்புகிறது. சல்லியில் பிறந்து ஆகாயத்துக்குப் போன ஆள் இதுவரை இல்லை. (செத்தவர்களைச் சேர்க்கவில்லை.)

பத்மாசனிக்குச் சொன்னால் ஊருக்குச் சொன்ன மாதிரி. இருந்தாலும் ஒரு பாதுகாப்புக்கு, பின்னேரம் கடற்கரை மீன் வாடிகளுக்குப் போய் நானும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 14

இந்தப் பிளேனைப் பற்றி ஒழுங்காக எழுதி வைக்கவேண்டும். பின்னொரு காலம் ஆராவது கேட்பார்கள்.

இது பட்டாளத்துப் பிளேன் அல்ல. பெல்லமி துரை தன் ஓய்வு நேரத்தில் தானே கட்டுவது. சிறகு, நெருப்புப் பிடித்த ஒரு பயிற்சிப் பிளேனுடையது. உடம்பு, சாமான் வந்த பெட்டிகளின் பலகை. 'இந்தப் பக்கம் மேலே' என்ற இங்கிலீசு எழுத்து இன்னும் தெரிகிறது, அதுவும் கீழ்ப் பக்கத்தில். எஞ்சின், கழிமுகத்தில் மூக்குக் குத்தின இன்னொன்றிலிருந்து கழற்றினது. மேலதிகாரி கண்டும் காணாதது போல் போகிறார். மூன்று சவத்தைச் சேர்த்து ஒரு உயிர் செய்கிறோம். செய்கிறோம் என்றால் துரை, முத்தலிப், நான். முக்கியமாக நான்.

எஞ்சினில் நாலு சிலிண்டர், வௌவால் மாதிரித் தலைகீழாக வரிசையில் தொங்குகின்றன. உள்ளே தண்ணீர் ஓடுகிற வகை அல்ல, காற்றுத்தான் குளிர்த்தவேண்டும். இடது பக்கம் மூடியில் ஒரு வாய். காற்று அதால் புகுந்து, சிலிண்டரைச் சுற்றியுள்ள செதில்களுக்குள்ளால் நுழைந்து, வலது பக்கத்தால் வெளியேறவேண்டும். ஒழுங்காகப் போவதில்லை. கடைசியில் தொங்குகிற நாலாம் சிலிண்டர் தோசைக்கல்லாய்க் காய்கிறது. பந்தியில் கடைசி ஆளுக்குக் கறி வந்து சேராத மாதிரித்தான்.

அதற்குத்தான் குழாய். கண்ணாடிக் குழாயை லாடம்போல் வளைத்துப் பாதிக்குச் சிவப்புத் தண்ணீர் விட்டிருக்கிறது. ஒரு முனையிலிருந்து ரப்பர்க் குழாய் செதில்களுக்கு முன்னால் போகிறது. மற்ற முனையிலிருந்து பின்னால். முன்னாலே காற்று நெருக்கினால் தண்ணீர் ஒரு பக்கம் இறங்கி மறு பக்கம் ஏறும். அந்த ஏற்ற இறக்கத்தை அங்குலத்தில் வாசிக்கவேண்டும். வாய்க்குள் எவ்வளவு காற்றுப் புகுந்தது என்பது பெரிதல்ல. செதிலுக்கு முன்னும் பின்னும் என்ன வித்தியாசம் என்பதே கணக்கு. இதை நான் கண்டுபிடித்தேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் துரை சொல்வதற்கு முன்பே எனக்குள் அப்படி ஒரு எண்ணம் ஓடினது.

வாலை முளையில் கட்டி, சில்லுக்குக் கட்டை வைத்து, முழு வேகத்தில் எஞ்சினை விடுவோம். துரை முன் இருக்கையில். நான் பின் இருக்கையில், குழாயை முழங்காலுக்கிடையில் நெரித்துக்கொண்டு, வாசித்ததைக் கத்துவேன். துரை என்னைத் தெரிந்தெடுத்ததே குரலுக்காகத்தான். அந்தச் சத்தத்தை மேவிக் கேட்கிற தொண்டை சீனன்குடாவில் இரண்டு: ஒன்று அபாயச் சங்கு.

ஜூன் 15

முத்தலிப்பைப் பற்றி நேற்று எழுத மறந்துபோனேன். பக்கத்திலேயே இருக்கிறவனைத்தான் மறக்கிறது.

குறிஞ்சாக்கேணி ஊர்க்காரன். தகர வேலை. காய்ந்த கருவாட்டு உடம்பு. கத்தரிக்கோலால் தகரத்தை வெற்றிலை கிள்ளுகிற மாதிரிக் கிள்ளுவான். கதைக்கமாட்டான், அவனுக்கு வரவேண்டிய கதையெல்லாம் வழி தவறி எனக்கு வந்துவிட்டது. ஜப்பான்காரன் குண்டு போட்ட வருஷம் இரண்டு பேரும் ஒரே பள்ளத்துக்குள் குப்புறக் கிடந்தோம். நான் அவனுக்கு மேலே கிடந்து காப்பாற்றினேன் என்று ஊரில் சொல்லியிருக்கிறேன். ஆர் மேலே, ஆர் கீழே என்று அந்த நேரம் பார்த்தவர் ஆர்? அன்றிலிருந்து மச்சான், மச்சான் என்று ஒரே கோப்பையில் தேத்தண்ணி.

இங்கிலீசு என்னைவிட அவனுக்குக் கொஞ்சம் கூட. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு. சரி, ஐந்து. துரையோடு நீளமாகக் கதைக்கவேண்டுமென்றால் அவன்தான் என் வாய்.

ஜூன் 21

இன்று நூல் வேலை. தகரம் மூட்டுகிற இடங்களிலெல்லாம் சிறு சிறு நூல் துண்டு ஒட்டி எஞ்சினை விட்டோம். எங்கே நூல் துடிக்கிறதோ அங்கே காற்றுக் களவாய் ஓடுகிறது. செதிலுக்குள் நுழைய வேண்டிய காற்று, ஓரத்து வெடிப்பால் சுகமாக நழுவிப் போய்க்கொண்டிருந்தது. காற்றும் மனிதன் மாதிரித்தான்: இலேசான வழி ஒன்று இருந்தால் கஷ்டமான வழியால் போகாது.

நூல் என் யோசனை. துரையின் யோசனை என்று முத்தலிப் சொல்லுவான். நூல் கட்டை கொண்டுபோனது ஆர்? பத்மாசனியின் தையல் பெட்டியிலிருந்து எடுத்தது ஆர்?

முத்தலிப் அந்த வெடிப்புகளுக்குத் தகரமும் கம்பளித் துண்டும் வைத்து அடைக்கிறான்.

ஜூன் 27

குழாய் இன்று இரண்டு காட்டினது. நான் "மூன்று!" என்று கத்தினேன்.

இது பொய்யல்ல. தம்பலகாமத்துக் களவெட்டிகளில் நெல் அளந்த கை இது. மரைக்காலுக்கு மேலே கோபுரம் கட்டி அளக்கிறதுதான் மரியாதை. தலையைத் தட்டி மட்டமாக அளக்கிறவனைக் களத்துக்கு மறுபடி கூப்பிடமாட்டார்கள். 'உவன்ர கையால அளந்தால் பொலியாது' என்பார்கள். இங்கே ஒரு மனிதர் மூன்று சவத்தை வைத்துக்கொண்டு உயிர் செய்கிறார். முன்னாலே இருந்து காதைக் கொடுத்துக் காத்திருக்கிறார். அவருக்கு வெறும் இரண்டை எடுத்துப் போட எனக்கு வாய் வரவில்லை. மூன்று என்றதும் கட்டை விரலை உயர்த்தினார். பார்க்க எவ்வளவு சந்தோஷம்!

இறங்கினபோது முத்தலிப் மெல்லக் கேட்டான்: "மச்சான், ரெண்டுதானே நிண்டது?"

"ரெண்டும், அதுக்கு மேல கொஞ்சமும்."

"அந்தக் கொஞ்சம் எங்க?"

"கோபுரத்தில."

மற்ற நாள் என்றால் சிரித்திருப்பான். இன்று தகரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஜூலை 2

துரை கணக்குச் சொன்னார். முத்தலிப் எனக்குச் சொன்னான். மேலே ஏறும்போதுதான் எஞ்சின் கொதிக்கும். பாரம் கூடினால் மெதுவாக ஏறும், மெதுவாக ஏறினால் காற்றுக் குறையும், காற்றுக் குறைந்தால் நாலாம் சிலிண்டர் கருகும். அவரோடு ஒரு மெலிந்த ஆள் என்றால் மூன்று அங்குலம் போதும். என்னைப் போன்ற திடகாத்திரமான ஆள் என்றால் நாலு வேண்டும்.

நாலு தானே? எடுத்துக் கொடுக்கிறேன்.

பத்மாசனி பழைய கம்பளியில் எனக்குக் காதை மூடுகிற தொப்பி தைக்கிறாள். அளவெடுக்கும்போது சொன்னாள்: "மாமா, சும்மா சொல்லியிருந்தா இப்பவே சொல்லிப் போடுங்கோ. ஊர் முழுக்கக் கடற்கரைக்கு வரப்போகுது. பிறகு நான் தலை காட்ட ஏலாது."

"நான் எப்ப சும்மா சொன்னனான்?"

நூலைப் பல்லால் கடித்தாள்.

ஜூலை 5

"நாலு!" என்று கத்தினேன். துரை தலையை ஆட்டிவிட்டு, இன்னும் தகரம் வெட்டச் சொன்னார். விளங்கவில்லை. நாலு என்றேனே? நாலு போதுமென்று அவரே சொன்னாரே?

ஜூலை 9

எழுதின வரியை மூன்று தரம் வெட்டிவிட்டேன்.

பெல்லமி துரையின் சிநேகிதர் ஒருவர் பிளேனைப் பார்க்க வந்தார். நான் சிறகுக்குக் கீழே, நிழலில் இருந்தேன். வந்தவர் என்னவோ கேட்டார். துரை சொன்ன இங்கிலீசு முழுவதும் எனக்கு வராது. ஆனால் 'வல்லி' விளங்கும், அது நான். 'மூன்றில் ஒன்று' விளங்கும். 'கழி' விளங்கும். சிரிப்பு எந்தப் பாஷையிலும் விளங்கும்.

சேர்த்துப் பார்த்தேன்: வல்லி என்ன கத்தினாலும் மூன்றில் ஒன்றைக் கழித்துவிடு.

நேரே தகரக் கொட்டிலுக்குப் போனேன். "முத்தலிப், என்ர வாசிப்பில துரை மூண்டில ஒண்டு கழிக்கிறாராம். தெரியுமா உனக்கு?"

கத்தரிக்கோலை வைத்தான். "தெரியும்."

"ஆர் சொல்லிக் குடுத்தது?"

"நான்தான்."

நான் தான். இரண்டு சொல். இருமல் வந்த மாதிரிச் சொன்னான்.

"மச்சான், நீ எப்பவும் ஒரே அளவிலதான் கூட்டுறாய். ரெண்டை மூண்டு எண்டுறாய், ரெண்டே முக்காலை நாலு எண்டுறாய். கழிச்சாச் சரியா வருது. எஞ்சின் மேல போய்க் கருகினா அந்த மனுசன் சாவாரு. பின்னால இருக்கிற நீயும் சாவாய்."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா நீ நிப்பாட்டுவியா? இன்னும் கொஞ்சம் கூட்டுவாய்."

இதைத்தான் தாங்க ஏலாமல் இருக்கிறது. கழித்ததைக்கூட விடு. என்னைப் பற்றி அவ்வளவு நிச்சயமாக, மரைக்காலை அறிகிற மாதிரி அறிந்து வைத்துக்கொண்டு, நாள்தோறும் என் பக்கத்திலிருந்து தேத்தண்ணி குடித்திருக்கிறான். நான் கத்தும்போதெல்லாம் இரண்டு பேரும் உள்ளுக்குள் கழித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். நான் ஒருத்தன் மட்டும் முழுதாகக் கத்தியிருக்கிறேன்.

ஜூலை 10

வேலைக்குப் போகவில்லை. வயிற்றுவலி என்று சொல்லி அனுப்பினேன். வயிற்றில் ஒன்றுமில்லை.

ஜூலை 12

யோசித்துப் பார்த்தேன். சரி. தலை தட்டித்தான் வேண்டுமென்றால் தலை தட்டியே தருகிறேன். இனி மயிரிழை கூட்டமாட்டேன். ஒரு நாளைக்கு இவர்கள் இரண்டு பேரும் என் முன்னால் நின்று 'வல்லிபுரம், நீ சொன்னது அப்படியே சரி' என்று சொல்லவேண்டும். அன்றைக்கு நான் ஒன்றும் பேசாமல் சுருட்டைப் பற்றவைப்பேன்.

ஜூலை 16

முத்தலிப் ஒரு நல்ல வேலை செய்திருக்கிறான். கோபம் இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். இவ்வளவு நாளும் காற்றுப் புகுகிற வாயையே பெரிதாக்கிக்கொண்டிருந்தோம். இப்போது வெளியேறுகிற பக்கத்தை அகலித்து, கீழே உதடு மாதிரி ஒரு தகரம் வளைத்து வைத்தான். வெளியே ஓடுகிற காற்று அந்த உதட்டடியில் உள்ளே நிற்கிறதை இழுத்தெடுக்கிறது. வாசல் பெரிதாக இருந்தென்ன, கொல்லைக் கதவு பூட்டியிருந்தால் காற்று வீட்டுக்குள் வராதுதானே.

தென்மேற்குக் கச்சான் காற்று ஓயும்வரை காத்திருந்து எஞ்சினை விட்டோம். எதிர்க்காற்றில் வாசித்தால் குழாய் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். நான் தலை தட்டுகிறவன், எனக்கு அது வேண்டாம். முத்தலிப் சிறகின்மேல் ஏறி, என் தோளோடு சாய்ந்து தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். குழாய் அவன் மூக்குக்குக் கீழே.

தண்ணீர் ஏறிற்று. நாலைத் தாண்டிற்று. நாலரையில் நின்றது. எட்டிக் குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடி, மறுபடி பார்த்தேன். நாலரை.

ஐந்து என்றோ ஆறு என்றோ வாய் தானாகத் திறந்தது. மூடினேன். "நாலரை!" என்று கத்தினேன். என் சீவியத்தில் நான் கத்தின மிகச் சின்ன எண் அதுதான். ஏனென்றால் அதற்கு மேலே ஒன்றும் இல்லை.

முத்தலிப் குழாயைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

ஜூலை 17

மூன்றாம்.

நாலரையில் மூன்றில் ஒன்று கழித்தால் மூன்று. துரை சந்தோஷமாகத்தான் சொன்னார்: மூன்று வந்துவிட்டது, சனிக்கிழமை பறக்கலாம். ஆனால் மூன்றுக்கு மெலிந்த ஆள்தான். மேலே போகும்போது குழாயை வாசிக்க ஒருவர் வேண்டும். முத்தலிப் வரட்டும். வல்லிக்குப் பிறகு பார்ப்போம்.

நான் ஓடிப்போய்த் துரையின் முன்னால் நின்றேன். "நோ கழி, துரை! ட்ரூ! ஃபோர் அண்ட் ஹாஃப் ட்ரூ!" என்று என் இங்கிலீசு முழுவதையும் கொட்டினேன். துரை சிரித்து என் முதுகில் தட்டினார். பின்னே? பொய்க்காரன் வேறு எப்படிச் சொல்லுவான்?

முத்தலிப்பைப் பிடித்தேன். "சொல்லு மச்சான். நேத்து நான் கூட்டேல்லை. நீ பக்கத்தில நிண்டனி, கண்ணால கண்டனி. நாலரை அப்பிடியே நாலரை. இதை ஒருக்காச் சொல்லு. என்ர ஊர் முழுக்கக் கடற்கரைக்கு வருது, பிள்ளை தொப்பி தைச்சு வைச்சிருக்கிறாள். இவ்வளவுதான், சொல்லு."

அவன் துரையிடம் திரும்பி இரண்டு மூன்று சொல் சொன்னான். துரை என்னைப் பாவமாகப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

நான் அவ்வளவு நீளமாகச் சொன்னது இங்கிலீசில் அவ்வளவு கட்டையாகவா வரும்?

"என்ன சொன்னனி?"

"சொன்னன்" என்றான்.

ஜூலை 19

கூட்டிச் சொன்னபோது வைத்திருந்தார்கள். ஒரு தரம் உள்ளதைச் சொன்னேன் — இறக்கிவிட்டார்கள். இதை எங்கே போய்ச் சொல்ல? ஆறே முக்கால் என்று கத்தியிருந்தால் இன்றைக்கு இருக்கை என்னுடையது. கோபுரம் கட்டியிருந்தால்! இனி ஆராவது என்னிடம் உண்மை சொல்லு என்று கேட்கட்டும்.

பத்மாசனிக்கு இன்னும் சொல்லவில்லை. தொப்பி தயார்.

ஜூலை 22, சனி

போய்விட்டது. பறந்துவிட்டது.

சில்லிலிருந்து கட்டையை இழுத்தவன் நான். முத்தலிப் பின் இருக்கையில் ஏறும்போது என்னைப் பார்க்கவில்லை. குழாயை மடியில் வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தான், பிள்ளை பெத்தவள் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி. எழும்பிற்று. வடக்கே திரும்பிற்று. சல்லிப் பக்கம்.

ஊருக்கு எப்படிப் போவது என்று தெரியாமல், பின்னேரம் வரை பட்டணத்தில் சுற்றினேன். கடைசியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன். பத்மாசனிக்கு என்ன சொல்லுவது என்று வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்: பிள்ளை, என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. அவ்வளவுதான். அதைத்தான் சொல்லுவதாக இருந்தேன், அம்மன் மேல் சத்தியம்.

கோயிலடிக்கு வரவே ஓடி வந்தார்கள். குஞ்சு குருமான், கிழவர், கருவாட்டுப் பெண்டுகள், எல்லாரும்.

"உங்களைக் கண்டம்! கண்டம்! கையைக் காட்டினீங்கள்!"

"கோயிலுக்கு மேல வந்து கையைக் காட்டினீங்கள் மாமா!" பத்மாசனி. அழுகிறாள், சிரிக்கிறாள். "நான் நம்பேல்லை மாமா. கடைசி வரைக்கும் நம்பேல்லை. குறை நினைக்காதேங்கோ."

முத்தலிப் கையைக் காட்டியிருக்கிறான்.

வாயைத் திறந்தேன். என்ன வந்தது? "மேல நல்ல குளிர்" என்று வந்தது.

ஜூலை 26

நாலு நாளாக ஊர் என்னைத் தரையில் இருக்க விடவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் இருக்கக் கதிரை, தேத்தண்ணி, கதை. கடல் மேலிருந்து பார்க்க மயில் கழுத்து மாதிரி என்றேன். மூதூர் நெல்வயல் விரித்த பாய் மாதிரி என்றேன். முகிலுக்குக் கை நீட்டினேன், ஈரப்பஞ்சு மாதிரி இருந்தது என்றேன். நாலாம் சிலிண்டர் இடையில் கொஞ்சம் முனகினது; நான் பின்னாலே இருந்து ஒரு சத்தம் போட்டேன், அடங்கிற்று என்றேன். இந்த இடத்தில் எல்லாரும் கைதட்டுகிறார்கள்.

நன்றாகத்தான் சொல்கிறேன். இவ்வளவு நன்றாக ஒரு கதையும் நான் சொன்னதில்லை. சொல்லி முடித்தபின் வாய் கசக்கிறது.

ஜூலை 31

பெல்லமி துரை என்னைக் கூப்பிட்டு, கையைப் பிடித்துக் குலுக்கினார். ஞாயிற்றுக்கிழமை நான் வரவேண்டுமாம். பின் இருக்கையில். மேலே ஏறும்போதும் குழாய் நாலரைக்குச் சரியாகத்தான் இருந்ததாம். "சாரி, வல்லி" என்றார். இங்கிலீசுத் துரை ஒருவர் என்னிடம் சாரி சொன்னார், இது கூட்டினதல்ல.

தகரக் கொட்டிலுக்குப் போனேன். அவனோடு பேசுவதில்லை என்று இருந்தேன். ஆனாலும் போனேன்.

"நான் கூட்டேல்லை எண்டு துரைக்கு ஆர் சொன்னது?"

"நான்தான். மேலயும் நாலரை காட்டினது. எப்பிடி எண்டு கேட்டாரு. சொன்னன்."

"எப்ப?"

"இறங்கின பிறகு."

"இறங்கின பிறகு. அப்ப ஏற முந்தி? நான் கெஞ்சிக் கேக்கேக்க என்ன சொன்னனி?"

மரச்சுத்தியலைக் கையில் உருட்டினான். "வல்லிக்குச் சரியான கவலை எண்டு சொன்னன்."

கவலை! நான் நாலரை, நாலரை என்று தொண்டை கிழியச் சொன்னதற்கு அது மொழிபெயர்ப்பு.

"குழாயை நீ கண்டனி."

"கண்டன்."

"ஏன் முத்தலிப்?"

இவ்வளவு காலத்தில் அவன் இத்தனை சொல்லை ஒரேயடியாகப் பேசி நான் கேட்டதில்லை. "நீ பின் இருக்கையைப் பத்தி விடிஞ்சாப் பொழுதுபட்டா ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிஞ்சாய். எனக்கும் ஆசை இருக்கா எண்டு ஒருக்காவாவது கேட்டியா? அதில உள்ள தகரம் முழுக்க நான் வெட்டினது. நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல, என்ட உம்மாக்கும் சொல்லல்ல. அண்டைக்குத் துரை என்ட பேரைச் சொன்ன உடன வாய் கட்டிப்போச்சு, மச்சான்."

"நான் கேட்டிருந்தா?"

கொஞ்சம் யோசித்தான். "இல்லை எண்டுதான் சொல்லியிருப்பன்."

"ஏன் என்ர ஊருக்குக் கையைக் காட்டினாய்?"

"அதுகள் உன்னைப் பாத்துக்கொண்டுதானே நிண்டதுகள்."

தின்றுவிட்டு எச்சில் கையால் எனக்கும் ஒரு வாய் ஊட்டினானாம். அதை நான் விழுங்கியுமாயிற்று. சுத்தியலைப் பிடுங்கித் தகரத்தில் ஓங்கி ஒன்று போட்டேன். நெளிந்தது. அவன் அதை எடுத்து நிமிர்த்தத் தொடங்கினான்.

ஆகஸ்ட் 2

போவதா, விடுவதா? போகாவிட்டால் ஆருக்கு நட்டம்? போனால்தான் ஆருக்குச் சொல்வது? ஊரைப் பொறுத்தவரை நான் பறந்து வந்து ஒரு கிழமைக்கு மேலாகிறது.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

பறந்தேன்.

துரை முன்னால், நான் பின்னால். எழும்பும்போது வயிறு கீழேயே நின்றுவிட்டது. குழாயைப் பார்க்கவேண்டியிருந்ததால் பாதி வழி குனிந்துகொண்டே போனேன். நாலரை. சில நேரம் நாலே கால். நாலே கால் என்றே கத்தினேன். கழிக்கவில்லை என்று காட்டத் துரை கையை உயர்த்தினார்.

கடல் மயில் கழுத்து மாதிரி இல்லை. பச்சையாக இருந்தது, சில இடத்தில் கலங்கலாக. முகிலைத் தொடவில்லை; முகிலே இல்லை.

சல்லிக்கு மேலே வந்தோம். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நாளுக்கு எத்தனையோ போகிறது, அதில் இதுவும் ஒன்று. பத்மாசனியின் முற்றம் தெரிந்தது. மீன் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். கையை வீசினாள் — எனக்கல்ல, காகத்துக்கு.

நான் கையைக் காட்டவில்லை.

பின்னேரம் வீட்டுக்குப் போனேன். "என்ன மாமா, ஞாயிற்றுக்கிழமையும் வேலையோ?" என்றாள்.

"நான் இண்டைக்கு" என்று தொடங்கினேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இண்டைக்கு லொறி பிந்திப் போச்சு பிள்ளை."

ஆகஸ்ட் 9

முத்தலிப்போடு கோபம் தீர்ந்தது என்று நான் எழுதவில்லை. அப்படி எழுதினால் அது கூட்டினதாக இருக்கும். அவன் முகத்தைப் பார்த்தால் அந்தக் 'கவலை' என்ற சொல் இன்னும் கேட்கிறது.

மத்தியானம் தளத்து வாசலடித் தேத்தண்ணிக் கடையில் தனியே இருந்தேன். கடைக்காரன் வழக்கம்போல், "அண்ணே, அந்த எஞ்சின் முனகின கதையை இவைக்கும் ஒருக்காச் சொல்லுங்கோவன்" என்றான். புது ஆட்கள் மூன்று பேர் வாங்குப் பலகையை இழுத்துக்கொண்டு வந்தார்கள். தொண்டை சரியில்லை என்றேன். கொஞ்சம் இருந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்த நேரம் முத்தலிப் வந்தான். வாங்கின் மறு நுனியில் இருந்தான். இரண்டு பேருக்கும் நடுவில் இன்னும் இரண்டு பேர் இருக்கலாம். தேத்தண்ணியை ஆற்றினான். குடித்தான். தூரத்தில் என்னவோ ஒன்று எழும்பிப் போகிற சத்தம். இரண்டு பேரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிறகு, கோப்பையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "உனக்கும் காது அடைச்சதா?"

பதில் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன்.

"ஓம்" என்றேன். "இடப் பக்கம்."

"எனக்கு ரெண்டும்."

"இறங்கேக்கயோ, ஏறேக்கயோ?"

"இறங்கேக்க" என்றான், கோப்பையைத் தூக்கிக்கொண்டு வாங்கில் கொஞ்சம் இங்கால, என் பக்கம் நகர்ந்தான்.